டிஸ்க்கில் பாட்டு மாறியது ஏன்? – கேசட்டுக்கடைக்காரர் பதில்கள்

போன இதழில் பழைய அமெரிக்க டி.வி. காமெடிகளின் டி.வி.டி. பற்றி ஓரமாக நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை. நம் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவராவது கப்பலிலோ அரபு நாட்டிலோ இருந்தவர்கள், ஊர் ஊராகப் போய் டி.வி. பார்த்தவர்கள் என்பதை மறந்துவிட்டோம். பெயர் போடாதீர்கள் என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் இந்த முறை ஊர் மட்டும்.

தொண்டி: அண்ணே, நான் கப்பலில் சமையற்கட்டில் இருந்தவன். 1980 வாக்கில் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் நாட்களில் மெஸ்ஸில் உட்கார்ந்து ஒரு ரேடியோ ஸ்டேஷன் காமெடி பார்ப்போம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் பாட்டுத் தட்டு வைப்பார். இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும் பாட்டுக்காகவே உட்காருவோம். இப்போது அமெரிக்காவில் இருக்கும் மகள் அதன் முதல் சீசன் டி.வி.டி.யைத் தேடிப் பிடித்து அனுப்பினாள். ஆட்கள் அதே ஆட்கள். பாட்டு அந்தப் பாட்டு இல்லை. அவர் தட்டு வைத்தால் பேர் தெரியாத யாரோ கிட்டார் தட்டுகிறான். டூப்ளிகேட் டிஸ்க்கா?

டூப்ளிகேட் இல்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்தான். டூப்ளிகேட்டாக இருந்திருந்தால் ஒருவேளை பழைய பாட்டு அப்படியே இருந்திருக்கும்!

நீங்கள் சொல்வது 'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி'. சி.பி.எஸ். சேனலில் 1978 முதல் 1982 வரை ஓடியது. கண்ணாடிக்காரர் ஹோவர்ட் ஹெஸ்மன். பாத்திரத்தின் பெயர் டாக்டர் ஜானி ஃபீவர். தொடரை உருவாக்கியவர் ஹியூ வில்சன். நொடிந்துபோன ஒரு ரேடியோ நிலையம் மெல்லிசையை நிறுத்திவிட்டு ராக் பாட்டுக்கு மாறுகிறது, அதுதான் முதல் எபிசோடு. கதையே பாட்டுத் தட்டைச் சுற்றித்தான். அதனால் வில்சன் ஒப்புக்குப் பாட்டு செய்து போடவில்லை. கடைகளில் அப்போது விற்றுக்கொண்டிருந்த நிஜப் பாட்டுகளையே போட்டார்.

அதற்கு ஒரு வழியும் இருந்தது. அந்தக் காலத்தில் ஃபிலிமில் எடுக்கும் தொடரைவிட வீடியோ டேப்பில் எடுக்கும் தொடருக்குப் பாட்டு உரிமை மலிவு. அதற்காகவே இதை டேப்பில் எடுத்தார்கள். மலிவாகக் கிடைத்தது அளவாகத்தான் கிடைத்தது: இத்தனை வருடத்துக்கு, டி.வி. ஒளிபரப்புக்கு என்று. நம் பக்கம் பனைமரத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் பதநீர் இறக்கலாம், கெடு முடிந்த பிறகு ஏறினால் கேஸ்தான், அந்த மாதிரி.

கெடு முடிந்தது. 1990-களில் தொடரை மறுபடி சேனல்களுக்கு விற்றபோது பழைய பாட்டுகளுக்குப் புதிதாகப் பணம் கட்ட வேண்டும். கட்டவில்லை. பாட்டை உருவிவிட்டு, மொத்தமாகக் கிடைக்கும் பெயரில்லாத இசையை நிரப்பினார்கள். பேச்சுக்கு அடியில் பாட்டு ஓடிய இடங்களில் பாட்டை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாதே! அங்கே பேச்சையும் சேர்த்து அழித்துவிட்டு, நடிகர் மாதிரிக் குரல் உள்ள வேறு ஆளைப் பேச வைத்து ஒட்டினார்கள். 2007-ல் ஃபாக்ஸ் வெளியிட்ட முதல் சீசன் டி.வி.டி.யிலும் நிறையப் பாட்டு மாறித்தான் வந்தது. உங்கள் மகள் அனுப்பியது அதுதான்.

பாட்டு போனால் என்ன, காமெடி இருக்கிறதே என்று கேட்கலாம். இந்தத் தொடரில் பல இடங்களில் பாட்டுதான் காமெடி. லெஸ் நெஸ்மன் என்று ஒரு செய்தி வாசிப்பாளர், உலகத்திலேயே ரத்தம் சூடேறாத மனிதர். அவர் ஒரு அழகியோடு வெளியே போகக் கண்ணாடி முன் நின்று டோப்பா மாட்டிக்கொள்கிறார். அப்போது பின்னணியில் ஃபாரினர் குழுவின் 'ஹாட் பிளடட்'. ரத்தம் கொதிக்கிறது என்று பாடகன் கத்துகிறான், இவர் டோப்பாவைச் சரிசெய்கிறார். அந்தப் பாட்டை எடுத்துவிட்டு ஏதோ ஒரு மேளத்தைப் போட்டால் என்ன மிஞ்சும்? ஒரு மனிதர் தலைவாரிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இன்னொன்று. வான்கோழிகளை ஹெலிகாப்டரிலிருந்து கீழே போடும் புகழ்பெற்ற எபிசோடு, 1978. அதில் நிலைய மேலாளர் ஸ்டுடியோவுக்குள் வந்து நிற்கிறார். ஜானி ஃபீவர் பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் 'டாக்ஸ்' ஓட விட்டிருக்கிறார். அந்தப் பாட்டுக்குள் நிஜமாகவே நாய் குரைக்கும். மேலாளர் தயங்கித் தயங்கி, நாய்ச் சத்தம் கேட்கிறதா என்று விசாரிக்கிறார். இதற்கு வேறு பாட்டு போட்டு ஒப்பேற்ற முடியாது, நாய் வேண்டுமே! பிற்பாடு வந்த பிரதிகளில் அந்த இடத்தையே வெட்டிவிட்டார்கள்.

ஜெனிஃபர் என்ற வரவேற்பாளர் வீட்டுக் கதவு மணி 'ஃப்ளை மீ டு த மூன்' மெட்டில் அடிக்கும். சில நொடிதான். அதையும் விட்டுவைக்கவில்லை. பிந்தைய பிரதிகளில் மணி 'பியூட்டிஃபுல் டிரீமர்' அடிக்கும். எழுதிய ஸ்டீபன் ஃபாஸ்டர் 1864-ல் இறந்துவிட்டார், காசு கேட்க யாருமில்லை.

இவ்வளவுக்கும் இந்தத் தொடர் பாட்டுக் கம்பெனிகளுக்கு நல்லதுதான் செய்தது. பிளாண்டி குழுவின் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' பாட்டைத் தொடரில் போட்டதற்காக, அவர்களின் கம்பெனி ஒரு தங்க இசைத்தட்டையே பரிசாகக் கொடுத்தது. அது செட்டின் சுவரில் தொங்குவதைப் பார்க்கலாம். விளம்பரம் பண்ணியதற்குப் பரிசு கொடுத்த தொழில்தான் பின்னால் பில்லும் கொடுத்தது. எனக்கு இதில் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

உங்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. 2014-ல் ஷவுட் ஃபேக்டரி என்ற கம்பெனி நாலு சீசனையும் ஒரே பெட்டியில் வெளியிட்டது. எல்லாப் பாட்டும் இல்லை. ஆனால் பெரும்பகுதியைத் திரும்பக் காசு கட்டி வாங்கிப் போட்டார்கள். மகளிடம் அதைத் தேடச் சொல்லுங்கள். டி.வி.டி.க்களை உலகப் பகுதிவாரியாக எண் போட்டுப் பூட்டி விற்பார்கள்: அமெரிக்க டிஸ்க் ரீஜன் 1, நம்முடையது 5. முதல் செட் உங்கள் பிளேயரில் ஓடியது என்றால் அடுத்ததும் ஓடும்.

பாம்பன்: முதலிலேயே எல்லா உரிமையையும் சேர்த்து வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே. இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு இது தெரியாதா?

தெரியாது என்பதுதான் உண்மை, டீச்சர். (கையெழுத்தைப் பார்த்தால் டீச்சர் என்றே தோன்றுகிறது.) வி.எச்.எஸ். டெக் அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1977-ல். 1978-ல் ஒப்பந்தம் எழுதிய வக்கீலுக்கு, அரை மணி நேர டி.வி. காமெடியை ஒருவன் காசு கொடுத்து வாங்கி வீட்டு அலமாரியில் அடுக்குவான் என்பது கற்பனைக்கு எட்டாத விஷயம். ஒரு முறை ஒளிபரப்பு, அப்புறம் சில வருடம் மறுஒளிபரப்பு, அதோடு தொடர் செத்தது என்றுதான் கணக்கு. கேசட் காலத்திலும் முழுத் தொடரை யாரும் பெரிதாக விற்கவில்லை. ஒரு கேசட்டில் சில எபிசோடுதான் நுழையும், ஒரு சீசனை வைக்க ஒரு பீரோ வேண்டும். என் கேணிக்கரைக் கடையிலும் சினிமா கேசட்தான் ஓடியது, தொடர் கேசட் தூசிதான் பிடித்தது. சீசன் சீசனாகப் பெட்டி போட்டு விற்கும் வியாபாரம் டி.வி.டி. வந்து, 2000-க்குப் பிறகுதான் சூடு பிடித்தது. அப்போதுதான் எல்லாரும் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே வீடியோ என்ற வார்த்தையே இல்லை.

இன்னொரு சிக்கல், ஒரு பாட்டுக்கு இரண்டு முதலாளி. எழுதி மெட்டுப் போட்டவரின் உரிமை ஒரு பதிப்பகத்திடம் இருக்கும். அதைப் பாடிப் பதிவு செய்த தட்டின் உரிமை கேசட் கம்பெனியிடம் இருக்கும். படத்தோடு சேர்க்க இரண்டு பேரும் தலையாட்ட வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே நிபந்தனை போடுவார்கள்: அடுத்தவருக்கு எவ்வளவு கொடுக்கிறாயோ, அதற்கு ஒரு காசு குறையாமல் எனக்கும். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவருக்கும் தானாக ஏறும். ஒரு எபிசோடில் ஐந்து பாட்டு, சீசனில் இருபதுக்கு மேல் எபிசோடு என்று வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். விற்கப்போவது சில ஆயிரம் பெட்டி என்றால் கம்பெனிக்காரன் கத்தரியைத்தான் எடுப்பான்.

இப்போது எழுதும் ஒப்பந்தங்களில் உஷாராகிவிட்டார்கள். இன்று இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற எல்லா ஊடகத்துக்கும், பிரபஞ்சம் முழுவதற்கும், என்றென்றைக்கும் என்று எழுதுகிறார்கள். செவ்வாய்க் கிரகத்தில் கேபிள் இழுத்தாலும் செல்லும்.

கீழக்கரை: காக்கா, என் மச்சான் சபுராளி (வெளிநாட்டில் பிழைப்பவர்). துபாயிலிருந்து வரும்போது ஒரு அமெரிக்கக் குடும்பக் காமெடி டிஸ்க் கொண்டுவந்தார். இரண்டு சீசன் வரை தொடக்கத்தில் ஃபிராங்க் சினாட்ரா பாட்டு. மூன்றாவதைப் போட்டால் பாட்டைக் காணோம், அதே சாயலில் வெறும் வாத்தியம். பணத்தை மிச்சம் பிடிக்க வேறு ஆளை வைத்தாவது அதே பாட்டைப் பாட வைத்திருக்கலாமே?

'மேரீட் வித் சில்ட்ரன்'. பெயரில் பிள்ளைகள் இருந்தாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர் இல்லை, மச்சானிடம் சொல்லுங்கள். ஃபாக்ஸ் சேனலில் 1987-ல் தொடங்கிப் பத்து வருடம் போனது. பாட்டு 'லவ் அண்ட் மேரேஜ்', 1955-ல் வந்தது. எழுதியவர் சாமி கான், மெட்டு ஜிம்மி வான் ஹூசன். கல்யாணம்தான் வாழ்க்கை என்று சினாட்ரா உருகி உருகிப் பாடுவார், திரையில் அப்பா சோபாவில் சரிந்து கிடந்துகொண்டு குடும்பத்துக்கே காசை எண்ணிக் கொடுப்பார். தொடரின் முதல் ஜோக்கே அதுதான். நீங்கள் கண்டுபிடித்தது சரி, மூன்றாம் சீசன் டி.வி.டி.யிலிருந்து அந்த ஜோக் கிடையாது.

வேறு ஆளைப் பாட வைத்தால் கேசட் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது மிச்சமாகும். எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் கொடுக்க வேண்டியது மிச்சமாகாது. உங்களுக்கு நினைவிருக்கும், 80-களில் நம் கடைத்தெருவில் பாதி விலைக்கு சினிமாப் பாட்டு கேசட் கிடைக்கும். அட்டையில் நடிகர் படம் பெரிதாக இருக்கும், பாடியவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், போட்டால் வேறு குரல். அது பாட்டை மறுபதிவு செய்து ஒலிநாடாவாக விற்பது, அதற்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. அதையே ஒரு தொடரின் படத்தோடு ஒட்டுவது வேறு சமாசாரம், அதற்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால், அல்லது விலை கட்டுப்படியாகாவிட்டால், மெட்டும் மாற வேண்டும். உங்கள் மூன்றாம் சீசனில் நடந்தது அது.

வேறு ஆளை வைத்துப் பாடச் செய்ததும் நடந்திருக்கிறது. 'த வொண்டர் இயர்ஸ்' என்று 1988 முதல் 1993 வரை வந்த ஒரு நல்ல தொடர். ஒரு பையன் 1960-களின் கடைசியில் வளர்வது கதை. தொடக்கத்தில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றை ஜோ காக்கர் தொண்டை கிழியப் பாடுவார். 2011-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது அதே பாட்டு, வேறு தொண்டை. பாட்டு வரிக்கு வரி சரியாகத்தான் இருந்தது. திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு வித்தியாசத்தைச் சொல்லத் தேவையில்லை.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: காசு கட்டி எல்லாப் பாட்டையும் அப்படியே போட்ட கம்பெனி ஒன்றுகூட இல்லையா சார்?

இருக்கிறது. 'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்', பால் ஃபீக் உருவாக்கியது, 1999-ல் என்.பி.சி.யில் தொடங்கி ஒரே சீசனில் நின்றுபோனது. பதினெட்டே எபிசோடு. உள்ளே நிறைய ராக் பாட்டு. பாட்டை மாற்றினால் டிஸ்க்கே வேண்டாம் என்று எடுத்தவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். வருடங்கள் போய், 2004-ல் மேலே சொன்ன அதே ஷவுட் ஃபேக்டரி எல்லாப் பாட்டோடும் வெளியிட்டது. விலை கூடுதல்தான். ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. 'வொண்டர் இயர்ஸ்' முழுப் பெட்டியும் 2014-ல் பெரும்பாலான பாட்டுகளோடு, ஜோ காக்கர் குரலோடு வந்தது. தொடர் முடிந்து இருபது வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

காத்திருந்தும் வராதவையும் உண்டு. 'மர்ஃபி பிரவுன்' நன்றாக ஓடிய காமெடி, எபிசோடு தொடக்கங்களில் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியின் பாட்டு போடுவார்கள். 2005-ல் ஒரு சீசன் டிஸ்க் வந்ததோடு சரி. 'ஹாப்பி டேஸ்' முதல் சீசன் பழைய பாட்டோடு வந்தது, இரண்டாவதில் மாற்றிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது 'டேரியா' செய்தது. எம்.டி.வி.யில் 1997 முதல் 2002 வரை வந்த கார்ட்டூன் காமெடி. அந்தச் சேனலிடம் பாட்டுக்கா பஞ்சம்? காட்சி மாறும் இடத்திலெல்லாம் அன்றைய ஹிட் பாட்டை ஒரு துண்டு போட்டுவிடுவார்கள். 2010-ல் டி.வி.டி. வந்தபோது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளென் ஐக்லர் டிஸ்க்கோடு ஒரு கடிதம் வைத்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பாட்டு மாறிவிட்டது, அவற்றுக்குக் காசு கட்டியிருந்தால் இந்தப் பெட்டியே வந்திருக்காது, இத்தனை வருடம் வராததும் அதனால்தான் என்று நேராகச் சொல்லிவிட்டார். வாங்குகிறவனுக்கு இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? பாட்டை மாற்றுகிறவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. மாற்றியதை அட்டையின் பின்பக்கம், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஒளித்து வைப்பவர்கள் மேல்தான் புகார்.

மண்டபம்: நம்ம ஊர் டி.வி. காமெடிகளில் சினிமாப் பாட்டு இல்லாத நிமிடமே கிடையாது. அவையும் இப்படி மாறுமா? இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினாரே, அது இந்தக் கணக்கில்தான் வருமா?

முதலில் இரண்டாவது கேள்வி. 2017-ல் வந்த அந்த நோட்டீஸ் மேடையில் பாடுவது பற்றியது. மேடையில் பாடும் உரிமை வேறு, படத்தோடு பாட்டைச் சேர்க்கும் உரிமை வேறு. அந்த நாட்களில் அரண்மனைப் பக்கம் டீக்கடைகளில் நடந்த சண்டையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினார்கள். நான் யார் பக்கம் என்று கேட்டு எழுதாதீர்கள், எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

நம் நாட்டில் வெகுகாலம் கணக்கு எளிது. சினிமாப் பாட்டுக்கு முதல் முதலாளி படத் தயாரிப்பாளர், அவர் கேசட் கம்பெனிக்கு விற்றுவிடுவார். 1977-ல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் பக்கமே சொன்னது. இசையமைத்தவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் அன்று வாங்கிய கூலியோடு கதை முடிந்தது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இருந்துகொண்டு இதற்காகப் போராடினார். இப்போது, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற எல்லா உபயோகத்துக்கும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை அவரே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் சட்டம் விடாது. இது நல்ல திருத்தம். பாட்டு எழுதியவர் வறுமையில் செத்த கதைகளை நாம் போதுமான அளவு கேட்டாயிற்று.

அதே திருத்தத்தில் இன்னொரு வரி. ஒப்பந்தம் எழுதும்போது இல்லாத, அல்லது புழக்கத்தில் வராத ஊடகத்துக்கு அந்த ஒப்பந்தம் செல்லாது, பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர. பழைய விதியும் இருக்கிறது: எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். இதையெல்லாம் சின்சினாட்டிக் கதையோடு வைத்துப் பாருங்கள். டி.வி.க்காக வாங்கிய பாட்டு, டிஸ்க்குக்கோ இணையத்துக்கோ தானாகக் கூட வராது. சிங்கப்பூர்க்காரன் பார்க்கும் செயலிக்கும் வராது.

ஆக, மாறலாம். சினிமாவைக் கிண்டல் செய்யும் காமெடிக்குத்தான் ஆபத்து அதிகம். விஜய் டி.வி.யில் வந்த 'லொள்ளு சபா' மாதிரி நிகழ்ச்சியில் கதாநாயகன் நடந்து வரும்போது அந்தப் படத்தின் இசையே பின்னால் வர வேண்டும், அதுதான் கேலி. அதை ஊமையாக்கினால் சந்தானம் சும்மா நடந்து வருகிறார். மேடை நாடகங்களை வி.சி.டி.யாகப் போட்டவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே வசனம்தான் முதலாளி, ஓரத்தில் ஒரு கீபோர்டுக்காரர் இருப்பார்.

சாயல்குடி: 1994-ல் நடந்த என் கல்யாண வீடியோவை மகன் கம்ப்யூட்டரில் ஏற்றி யூடியூபில் போட்டான். தாலி கட்டும் வரை சத்தம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஊமை. மாமனார் பேசியதும் போய்விட்டது. கல்யாணத்தில் பாட்டு போட்டால் தப்பில்லை என்கிறார்களே?

கல்யாணத்தில் போட்டால் தப்பில்லை. மதச் சடங்கு, கல்யாண ஊர்வலம், கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டம் இவற்றில் பாட்டு போடுவது மீறல் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அது பந்தலோடு சரி. வீடியோக்காரர் எடிட்டிங்கில் ஒட்டிய சினிமாப் பாட்டை உலகம் பார்க்க இணையத்தில் போடுவது வேறு. அங்கே ஆள் உட்கார்ந்து கேட்பதில்லை. பாட்டுக் கம்பெனி கொடுத்த மாதிரியோடு இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும், ஒத்துப்போனால் உரிமையாளர் முன்பே சொல்லி வைத்தபடி நடக்கும்: சிலர் விளம்பரம் போட்டுக் காசு எடுத்துக்கொள்வார்கள், சிலர் தடுப்பார்கள், சில சமயம் சத்தம் போய்விடும். உங்கள் மாமனார் பேச்சு அந்தப் பாட்டுக்கு மேல் போயிருக்கும், அதனால் அவரும் சேர்ந்து போய்விட்டார். உங்கள் கேசட்டில் அவர் பத்திரமாகத்தான் இருக்கிறார். வீட்டில் போட்டுப் பாருங்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் கொடுங்கள், ஊருக்குக் காட்ட வேண்டாம்.

தங்கச்சிமடம்: ரூபவாஹினி பார்த்த காலத்தில் டி.வி.யிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வெள்ளையாகப் பூத்துவிட்டது. பழைய சாமான் கடையில் போடவா?

போடாதீர்கள்! 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது நம் பக்கம் சென்னை தூர்தர்ஷன் எட்டவில்லை. மூங்கிலில் ஆன்டெனா கட்டி பூஸ்டர் வைத்தால் கொழும்பு பளிச்சென்று விழும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் டி.வி. கோபுரம் எழும்பியதெல்லாம் அதற்கு வெகுநாள் கழித்து. அங்கே வந்த ஆங்கிலத் தொடர் எதையாவது நீங்கள் பிடித்து வைத்திருந்தால், அதில் அன்று ஒளிபரப்பான பாட்டு அப்படியே இருக்கும். கம்பெனி இன்று விற்கும் டிஸ்க்கில் இல்லாதது உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம்.

அந்த வெள்ளை, உப்புக்காற்றின் ஈரத்தில் வளரும் பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். ஈரமில்லாத இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், டேப் சுருங்கும். அப்புறம், சுத்தம் செய்யத் தெரிந்த ஆளிடம் கொடுத்து, கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய ஒரு பழைய டெக்கில் ஓட்டிக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். மற்றவற்றைப் படுக்கப் போடாமல் நிற்க வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை முழுக்கச் சுற்றி எடுங்கள்.

தேவிபட்டினம்: வாங்கும் முன்பே பாட்டு மாறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

அட்டையின் பின்பக்கம் அந்த எறும்பு எழுத்தைப் படியுங்கள். இந்த வீட்டு வெளியீட்டுக்காகச் சில இசை மாற்றப்பட்டுள்ளது, அல்லது சில எபிசோடுகள் முதல் ஒளிபரப்பிலிருந்து மாறுபடலாம் என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். இல்லையென்றால் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 70, 80-களின் அமெரிக்க அரை மணிக் காமெடி, விளம்பரம் போக ஏறக்குறைய 25 நிமிடம் வரும். எபிசோடுக்கு 22 என்று கணக்கு வந்தால் மறுஒளிபரப்புக்கு வெட்டிய பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டிய பிரதியில் பாட்டு மட்டும் தப்பித்திருக்காது.

ராமேஸ்வரம்: கடையை மூடிவிட்டீர்கள். அந்தப் பழைய மல்டி சிஸ்டம் டெக்கை விற்பீர்களா?

மாட்டேன். ரப்பர் பெல்ட் உதிரியாகக் கொஞ்சம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.